பதினொரு மணித் தாகம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள், பாப்பா, பேரன் மூவரும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தை நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மணிக்கொரு தரம் அதைப் பாப்பாவின் போனுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இருந்தாலும் கடிதம் என்றால் நலத்தில் தொடங்கிப் பழகிவிட்டது.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார், அதுவும் ஆபீஸ் விலாசத்துக்கு என்று யோசிப்பீர்கள். உங்கள் போன் அடித்தால் பாப்பாதான் முதலில் எடுக்கிறாள். செய்தி அனுப்பினால் உங்களுக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். அதனால்தான் இந்த ஏற்பாடு. தயவுசெய்து இதை அவளிடம் காட்ட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

விஷயம் அந்தப் பாட்டில்தான். உங்கள் நல்ல மனசில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. வயதானால் தாகமே தெரியாது, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஒரே மூச்சில் குடிக்காமல் நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும் என்று நீங்கள் வந்தபோது சொன்னதெல்லாம் நியாயம். ஆனால் மாப்பிள்ளை, நான் குடிநீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன். ஊரார் குடித்த தண்ணீரை எல்லாம் குனிந்து குனிந்து குறித்தவன். அப்பேர்ப்பட்டவனின் வாயிலேயே மீட்டரை மாட்டிவிட்டீர்களே, இது கொஞ்சம் குசும்பாக உங்களுக்குத் தோன்றவில்லையா?

அந்தப் பாட்டிலால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் பில் கிளார்க்காக இருந்தவர் தவறிவிட்டார் என்று இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எல்லோரும் எழுந்து தலை குனிந்து மௌனமாக நிற்கிறோம். என் பைக்குள் இருந்து கிணிங் கிணிங் என்று சத்தம், கூடவே பைத் துணியையும் மீறி நீல வெளிச்சம். யாரோ போனை அணைக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் முறைக்கிறார்கள். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு பைக்குள் கையை விட்டு அமுக்கிப் பார்க்கிறேன், தட்டிப் பார்க்கிறேன், அது நிற்கிற வழியாக இல்லை. ஒரு வாய் குடித்தால்தான் அடங்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நிசப்தத்தில் மடக் மடக் என்று குடித்தேன். கூட்டம் முடிந்ததும் இறந்தவரின் மகனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், குடிங்க. எங்கப்பா தண்ணியே குடிக்க மாட்டார், யார் சொன்னாலும் கேட்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை அழுதது. எனக்கும் அழுகை வந்தது. பாட்டில் மட்டும் பச்சை வெளிச்சம் போட்டுச் சந்தோஷப்பட்டது.

அடுத்தது வெள்ளரிக்காய். வெறும் தண்ணீர் அலுத்துப் போனால் வெள்ளரித் துண்டு போடலாம் என்று பாப்பா சொன்னாள். போட்டேன். துண்டு அடியில் போய் ஒட்டிக்கொண்டு அங்கே எடை பார்க்கிற கருவியைக் குழப்பியதில், நான் குடிக்கக் குடிக்கப் பாட்டில் நிரம்பிக்கொண்டே போவதாக அது கணக்குச் சொல்லியிருக்கிறது. "அப்பா, குடிச்சதைத் திருப்பித் துப்பறீங்களா?" என்று பாப்பா செய்தி அனுப்பினாள். பெற்ற மகள் வாயிலிருந்து ஒரு தகப்பன் கேட்கக் கூடிய கேள்வியா இது?

சாப்பாட்டு விஷயத்துக்கும் வருகிறேன். தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டும், உப்பும் சர்க்கரையும் குறைய வேண்டும், பழத்தைப் பிழியாமல் கடித்துத் தின்ன வேண்டும் என்றீர்கள். உங்கள் வாக்கைத் தட்டவில்லை. முட்டைகோஸ் வாங்கப் போனேன். ஒரு ஆளுக்குப் போதுமானதாகச் சின்னதாகக் கொடுங்கள் என்று காய்க்கடை அம்மாவிடம் கேட்டேன். "ஒரு ஆளுக்குன்னு தனியா முட்டைகோஸ் காய்க்குதா சார்?" என்றார். பாதியாக வெட்டித் தரச் சொன்னேன். "மீதிப் பாதியை நான் யார் தலையில கட்டுறது?" என்றார். முழுசாக வாங்கி வந்து அந்த வாரம் பூராவும் அதன் முகத்திலேயே விழித்தேன். மெதுவாக மென்று சாப்பிட வேண்டும் என்று வேறு சொல்லியிருந்தீர்கள். அது மட்டும் முடியவில்லை. உங்கள் அத்தை இருந்தவரை சாப்பிட்டு முடிக்க அரை மணி ஆகும், அவள் பேச்சுக்கு நான் தலையாட்ட வேண்டும், நடுவில் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளிவைப்பாள், எதற்கென்று தெரியாமலே எடுத்துக் குடிப்பேன். இப்போது எதிர் நாற்காலியில் செய்தித்தாள் உட்கார்ந்திருக்கிறது. நாலு வாயில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. பாட்டில் வருவதற்கு முன்னால், பாப்பா தினமும் பதினொரு மணிக்கு ஆபீஸில் டீ குடிக்கிற நேரத்தில் எனக்குப் போன் பண்ணுவாள். "சாப்பிட்டீங்களா? தண்ணி குடிச்சீங்களா?" என்று தொடங்குவாள். எனக்கு அந்தக் கேள்விகள் எரிச்சலாகத்தான் இருக்கும், சிடுசிடுவென்றுதான் பதில் சொல்வேன். பிறகு மேனேஜர் பண்ணுகிற அட்டகாசம், பேரனின் ஆடுகிற பல், நீங்கள் சாவியைத் தொலைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் தேடியது என்று பேச்சு எங்கெங்கோ போகும். பாட்டில் வந்த பிறகு அந்தக் கேள்விகளுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அவள் போனில் என்னைப் போலவே வழுக்கைத் தலையோடு ஒரு பொம்மை இருக்கிறதாமே, நான் குடிக்கக் குடிக்க அதற்குக் காலிலிருந்து நீலம் ஏறுமாமே. பதினொரு மணிக்குப் பொம்மையைப் பார்ப்பாள், இடுப்புவரை நீலம் இருந்தால் எனக்கு இரண்டு கைகள் தட்டுகிற படம் ஒன்றை அனுப்புவாள். நான் சொன்ன பேச்சுத் தட்டாதவன் ஆயிற்றே, ஒழுங்காகக் குடித்தேன். ஒழுங்காகக் கைதட்டு வந்தது. போன் வரவில்லை.

ஒருநாள் முடிவெட்டப் போன இடத்தில் பாட்டிலை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். பதினொரு மணிக்குப் போன் அடித்தது. "அப்பா! பொம்மை சிவப்பா இருக்கு! ஏன் தண்ணியே குடிக்கல? தலை சுத்துதா? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று பதறினாள். குரல் ஒரு மாதிரி இருந்ததற்குக் காரணம் காலையிலிருந்து நான் யாரிடமும் வாய் திறக்காததுதான், முடிவெட்டுகிறவர்கூட அன்று டிவி பார்த்துக்கொண்டே வெட்டினார். ரொம்ப நேரம் பேசினோம். பேரனின் பல் விழுந்து பல நாள் ஆகிவிட்டது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பேசி முடித்த சந்தோஷத்தில் சமையலறைக்குப் போய் டம்ளர் டம்ளராகக் குடித்தேன் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு மாப்பிள்ளை. மீட்டர் ஒழுங்காக ஓடியிருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம், உள்ளே யார் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டோம். போன தடவை பார்த்த எண்ணிலேயே முள் நின்றிருந்தால்தான் கதவைத் தட்டுவோம். "வீட்ல யாரும்மா? நல்லா இருக்கீங்களா?" என்று கேட்போம். இவ்வளவு காலம் தட்டிய எனக்கு, தட்டப்படுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது. மறுநாளிலிருந்து என்ன செய்தேன் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். மீட்டருக்கு முன்னாலேயே குழாயில் தனி இணைப்பு எடுத்துத் தண்ணீர் திருடுகிறவர்களை நான் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். அதே திருட்டைத்தான் செய்தேன். பாட்டிலை நிரம்ப நிரம்ப மேஜைமேல் வைத்துவிட்டு, சமையலறையில் டம்ளரில் குடித்தேன். பதினொரு மணிக்குப் பொம்மை சிவக்கும், என் போன் அடிக்கும்.

இதிலும் மண் விழாமல் இல்லை. கீழ்வீட்டில் இருக்கிற விசில்காரரை உங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்து இப்போது மாடிப்படியில் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஃபவுல் சொல்லிக்கொண்டிருப்பவர். ஒருநாள் நடைப்பயிற்சி முடித்துவிட்டு மூச்சு வாங்க வந்தார், நான் கதவைச் சாத்துவதற்குள் மேஜைமேல் இருந்த பாட்டிலை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டார். பொம்மைக்குக் கழுத்துவரை நீலம். கைதட்டு வந்தது. "யோவ், என் பதினொரு மணியைக் குடிச்சிட்டீரே!" என்று கத்திவிட்டேன். அவர் அரண்டுபோய், "ஒரு பாட்டில் தண்ணிக்கா இந்தக் கூப்பாடு? இருங்க, வீட்டுலேர்ந்து கொண்டாந்து ஊத்துறேன்" என்றார். ஊற்றினால் மட்டும் போன் வந்துவிடுமா? காரணத்தைச் சொன்னேன். காலிப் பாட்டிலை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "எனக்கு அந்த மாதிரி பாட்டில் எங்க விக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். அவருடைய மகனும் வெளியூரில்தான் இருக்கிறான்.

நாளுக்கு நாள் பொம்மை சிவந்ததில் பாப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. அவள் தொல்லை தாங்காமல் டாக்டரிடம் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். டாக்டர் முடிவு வந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு? உங்க பொண்ணு போன்ல சொன்னதைப் பார்த்தா நீங்க இந்நேரம் வத்தலா இருக்கணுமே! ஒழுங்கா தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். "குடிக்கிறேன் டாக்டர், ஆனா எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நோயாளியைத் தான் பார்த்ததில்லை என்றார் அவர்.

இப்போது தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது. போன வாரம் பாப்பா குதூகலமாகச் சொன்னாள், "அப்பா, பழைய பாட்டில் சரியில்ல. அவர் புதுசு ஒண்ணு பார்த்திருக்கார். அதுல என் குரலையே பதிவு பண்ணிடலாம். நீங்க குடிக்கலைன்னா நானே கூப்பிட்டுச் சொல்ற மாதிரி இருக்கும், இனிமே நான் ஆபீஸ்லேர்ந்து பதறிப் பதறிப் போன் பண்ண வேண்டாம் பாருங்க" என்று. நல்லதும்மா என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? போனை வைத்த பிறகு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், அந்தப் புதுப் பாட்டிலை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வந்தாலும் நான் கையால் தொடப் போவதில்லை. பதிலுக்கு, இன்றிலிருந்து பழைய பாட்டிலிலேயே யோக்கியமாகக் குடிப்பேன், இது சத்தியம். தட்டில் பாதிக்கு மேலேயே காய்கறி வைத்துக்கொள்கிறேன். பொம்மை முழுக்க நீலமாக இருக்கிற நாளிலும் அவள் ஒரு போன் பண்ணும்படி, நான் கேட்டதாகத் தெரியாமல், நீங்கள் எப்படியாவது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். நான் தனியாக இருக்கிறேன் மாப்பிள்ளை. அவ்வளவுதான் என் வியாதி.

பேரனுக்குப் புதுப் பல் நேராக முளைக்க என் ஆசீர்வாதம். பாப்பாவுக்கு, இந்தக் கடிதம் எழுதாதது போல, வழக்கமான ஆசீர்வாதம். நீங்களும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கிடக்காமல் அவ்வப்போது எழுந்து தண்ணீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கூரியர்காரர். பாப்பா தன் கையாலேயே கட்டி அனுப்பிய புதுப் பாட்டில் வந்துவிட்டது. பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். கூரியரைப் பார்த்துவிட்டு மேலே வந்த விசில்காரர்தான் எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று பிரித்து, தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் சரி செய்து மேஜைமேல் வைத்தார். நான் டீ போடச் சமையலறைக்குப் போனேன். "அப்பா, தண்ணி குடிங்கப்பா" என்றாள். "இதோ வந்துட்டேன் பாப்பா" என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்துவிட்டேன். விசில்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குடித்தேன். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. குடித்தால் பேசாதாம், குடிக்காமல் இருந்தால்தான் அரை மணிக்கு ஒரு தரம் கூப்பிடுமாம், கூட வந்த தாளில் போட்டிருக்கிறது. அதனால் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், சமையலறைக் குழாயில் சத்தமில்லாமல் குடித்துக்கொள்கிறேன். திருப்பிக் கொடுங்கள் என்றது, யோக்கியமாகக் குடிப்பேன் என்று சத்தியம் செய்தது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவிடம் காட்ட வேண்டாம் என்று எழுதியதையும் சேர்த்து.