வேரைப் பார்க்க உடனே வரவும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. நாங்கள் சுகம், சோயாச் செடிகள் எங்களைவிடச் சுகம். உங்கள் முழங்கால் வலியைக் கடைசியில் விசாரிக்கிறேன், இப்போது கை பரபரக்கிறது.

எங்கள் துண்டு நிலத்தை ஒட்டிய உங்கள் நிலத்தைச் செங்கல் சூளைக்காரருக்கு மண்ணெடுக்க விடப்போவதாகச் சொன்னீர்கள். எனக்கு விட்டால் பயிர் செய்கிறேன் என்று கெஞ்சியபோது, "இந்த வெள்ளாமையில ஏதாவது செஞ்சு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றீர்கள். காட்டிவிட்டேன் மச்சான். சூளைக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

போன தடவை யூரியாவைக் கொட்டோ கொட்டென்று கொட்டி, இடுப்பளவு இலையும் கைப்பிடியளவு காயும் கண்டவன் நான். வேளாண்மை அலுவலக அம்மா என்னை உட்காரவைத்து விளக்கினார். சோயா வேரில் ஒரு நுண்ணுயிர் குடியேறினால் அதுவே காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துச் செடிக்குக் கொடுக்குமாம், நம் மண்ணில் அது இல்லையாம், பொட்டலமாக வாங்கி விதையில் பூச வேண்டுமாம், யூரியாவைக் குறைத்து மணிச்சத்து உரத்தை அடியில் போட வேண்டுமாம். பொட்டலத்தில் இருப்பது உயிர் என்றதும் எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. வெயில் படக்கூடாதென்று பேருந்துக்குள்ளும் அதற்குக் குடை பிடித்தேன், வீட்டில் குளிர்பெட்டியிலிருந்து பாலை வெளியேற்றி அதை உள்ளே வைத்தேன், வெல்லத் தண்ணீரில் குழைத்து விதையில் பூசிக் கூடம் முழுக்க நிழலில் பரப்பினால் வெல்லத்துக்கு எறும்பு படையெடுக்கிறது, எறும்புப் பொடி போட்டால் நுண்ணுயிருக்கு ஆகாதே என்று விசிறியோடு நானே காவல் உட்கார்ந்தேன், வீட்டில் எல்லோரும் வாசலில் நின்றபடி சாப்பிட்டார்கள். புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீங்க இப்படி உக்காரலையே என்று உங்கள் தங்கை கேட்டதை நான் காதில் வாங்கவில்லை.

பூக்கும் சமயத்தில் ஒன்றிரண்டு செடியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. தோண்டினேன். வேரெல்லாம் மிளகு மிளகாக முடிச்சு, கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதுதான் வேலை நடக்கிற அடையாளம். மச்சான், சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன், ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டியை விட முடியுமா? வரிசைக்கு ஒன்று பார்த்தேன். பால்காரர் நம்பவில்லை, பிடுங்கிக் காட்டினேன். தபால்காரருக்குக் காட்டினேன், வாத்தியாருக்குக் காட்டினேன், வாத்தியார் ஒரு வகுப்பையே அழைத்துவந்தார், ஆளுக்கொரு வேர் கொடுத்தேன். சந்தேகப்பட்ட வாய் ஒன்றையும் அடைக்காமல் விடவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேலியோரப் பாதியில் வெறும் விதையைப் போடச் சொல்லி உங்கள் தங்கையிடம் விட்டிருந்தேன். அங்கும் செடி தளதளவென்று நிற்கிறது. என் நுண்ணுயிரின் வீச்சு வேலிவரை போயிருக்கிறது, வேறென்ன.

ஆகவே புறப்பட்டு வாருங்கள், உங்களுக்கும் பிடுங்கிக் காட்டுகிறேன். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. முழங்காலுக்குத் தைலம் தேயுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிலத்தின் மேல் கண்ணாக இருக்கும் மைத்துனன்

பி.கு.: கடிதத்தோடு ஒரு வேரை அனுப்பலாமென்று வயலுக்குப் போனேன். என் பாதியில் பிடுங்கச் செடி இல்லை. கடைசிச் செடியைத் தபால்காரரின் மாமியாருக்குக் காட்டியிருக்கிறேன். பார்த்த இடமெல்லாம் குழி. வரப்பில் நின்ற சூளைக்காரர், "நம்மளக் கேக்காமலே மண்ணெடுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கைக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வெறும் விதை என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். பொட்டலத்தில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் அவள் விதையிலும் பூசினாளாம், உரமும் போட்டாளாம். "நான் ஒண்ணையும் பிடுங்கல, அவ்வளவுதான்" என்கிறாள். காய்ப் பாரத்தில் அவள் செடிகள் சாய்கின்றன. நிலத்தை அவளுக்கே விடுங்கள். என்னையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறாளாம், வயலுக்குள் கையைக் கட்டிக்கொண்டு வருவதாக இருந்தால்.