உருளைக்குள் ஒன்றரைச் சுற்று

அன்பும் மரியாதையும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம், இடது முட்டி மட்டும் நலமில்லை. அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் அழுவாய், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் சுற்றிச் சுற்றிச் சோப்பைக் கலக்கும் பெரிய உருளையைக் கழுவும் வேலையை வெல்டரும், ஒல்லி என்று நாங்கள் கூப்பிடும் பையனும், நானுமாக ஆறு வருஷம் பார்த்துவந்தோம். ஒருவர் உள்ளே இறங்கினால் ஒருவர் வாசலில் நிற்பார், இன்னொருவர் சுவிட்சைப் பூட்டிவிட்டு அங்கேயே நிற்பார். மூணு பேர் போதுமாடா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்ததால் மேலாளரிடம் ஆள் கேட்டேன். மனுஷன் நல்லவர், பதினான்கு பேராக்கிவிட்டார். இத்தனை பேர் இருக்கும்போது என்ன பயம் என்று செவ்வாய்க்கிழமை காலையில் சுரண்டியோடு உள்ளே இறங்கினேன். பாதி சுரண்டியிருப்பேன், தரை நகருது அக்கா. தலைசுத்தல்னுதான் நினைச்சேன், காலைல சரியா சாப்பிடலை. அப்புறம் பார்த்தா நான் மேல இருக்கேன், கீழ விழறேன், சுரண்டி என் மேல விழுது. கத்தலாம்னா வாய் நிறைய நுரை. ஒன்றரைச் சுற்று. வெளிய பதிமூணு பேரும் பேசிக்கிட்டு நிக்கறாங்க. வெல்டர்தான் பழைய பழக்கத்துல தலையை எண்ணியிருக்கார். ஒண்ணு குறையுதேன்னு பாஞ்சு நிறுத்தினார்.

வெளிய இழுத்துப் போட்டதும் வாயிலிருந்த நுரையைத் துப்பினேன். யாரு சுவிட்சைப் பூட்டலைன்னு கேட்டேன். ஒல்லி, புதுசா சேர்ந்த ஃபிட்டர் பூட்டியிருப்பார்னு நினைச்சானாம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியனை நினைச்சாராம். எலக்ட்ரீஷியன், இத்தனை பேர் இருக்காங்களே, நான் வேறயான்னு இருந்துட்டாராம். சுவிட்சைப் போட்டவர், உள்ள ஆள் இருந்தா யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சாராம். அவர் முகம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தா திட்டவும் மனசு வரலை. வெல்டர் என் காலரைப் பிடிச்ச கையை ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. "மூணு பேரா இருந்தப்ப நீ என் கண்ணுலயே இருப்பேடா"ன்னார்.

விசாரிக்க மேலாளர் இருபத்திரண்டு பேர் குழு போட்டிருக்கார். உருளை கழுவ மூணு பேரே போதும்னு எழுதிக் கொடுத்துட்டேன். வெல்டரைத் தவிர ஒருத்தர் மூஞ்சியிலயும் இனி முழிக்கறதா இல்லை.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உருண்டும் உயிரோடிருக்கும் உன் தம்பி.

பின்குறிப்பு: யார் யாருக்கு என்ன வேலை என்று மேலாளர் முந்தின நாளே பட்டியல் ஒட்டியிருந்தாராம். யாராவது படித்துச் சொல்வார்கள் என்று நான் பார்க்கவில்லை. இன்றுதான் பார்த்தேன். சுவிட்சைப் பூட்டுகிறவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. கடிதத்தை அத்தானிடம் காட்ட வேண்டாம்.