சுவர் எழும்பாத வீட்டில் பால் காய்ச்சிய சுண்ணாம்பு சார்

"சித்தாளு பொண்ணு லெவல் பாக்க வந்துகீது. இன்னா கண்ணு, சிமெண்ட் சட்டி தூக்கப் போறியா, மிஷின் தூக்கப் போறியா? ரெண்டுல ஒண்ண இப்பவே சொல்லிடு."

சைட் இன்ஜினீயராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி கேட்ட கேள்வி இது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என் அம்மா சித்தாள்தான். அந்த மேஸ்திரியிடமே பல வருஷம் செங்கல் சுமந்தவள். எங்கள் குடும்பத்தில் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அதுவரை எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டுவதற்குத்தான் போயிருந்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேஸ்திரி, நீங்க என் பாத்ரூம்ல நின்னு பேசறீங்க. கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க."

திரும்பிப் பார்த்தேன். பாத்ரூம் எதுவும் கண்ணில் படவில்லை. கட்டாந்தரை, அதில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடுகள், கோடுகளுக்கு நடுவே ஒரு மடக்கு நாற்காலி. அதில் கண்ணாடி போட்ட ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தாம்பரத்துக்குத் தெற்கே வீடு வாங்கியவர்களை எண்ணி முடியாது. வாங்கிய வீட்டுக்குச் சுவர் வருவதற்கு முன்பே குடியேறியவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் மேஸ்திரி வைத்த பெயர்தான் நிலைத்தது: சுண்ணாம்பு சார்.

எங்கள் சைட் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால், தொழிற்சாலைச் சுவர்கள் முடிந்து வயல் தொடங்கும் கிராமத்தில் இருந்தது. பதினான்கு தனி வீடுகள். ரோட்டோரப் பலகையில் நீச்சல் குளமும் அதன் கரையில் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் இருந்தன. தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்தது. ஏதோ ஓர் அனுமதி வரவில்லை என்று, கோடு போட்டதோடு வேலை மாதக்கணக்கில் நின்றிருந்தது. மற்ற பதிமூன்று பேரும் போனில் திட்டினார்கள். சுண்ணாம்பு சார் ஞாயிறு தோறும் காலை ரயிலில் நாற்காலியோடும் டிபன் கேரியரோடும் வந்து இறங்கிவிடுவார்.

செருப்பை வாசல் கோட்டுக்கு வெளியே விடுவார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போவார். ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சாப்பிடும் நேரம் வந்தால் ஹாலிலேயே சாப்பிட மாட்டார். எழுந்து, கதவு வரப்போகிற இடைவெளி வழியாகத் திரும்பி, சாப்பாட்டு அறைக் கோட்டுக்குள் போய்த்தான் கேரியரைத் திறப்பார். ஒருநாள் ஊர் ஆடு ஒன்று குறுக்கே நடந்து வந்து கேரியரில் வாயை வைத்தது. அவருக்குச் சோறு போனது வருத்தமில்லை.

"பாரும்மா, கிச்சன் செவுத்த இடிச்சுகிட்டு வருது" என்று என்னிடம் புகார் சொன்னார்.

மழை பெய்தால் கோடு கரைந்துவிடும். அடுத்த ஞாயிறு வந்து, "என்னம்மா, வீட்டக் காணோம்?" என்பார். நான் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு மட்டும் மறுபடியும் வீடு போட்டுத் தருவேன். பிறகு அவரே சலித்துப்போய், கோட்டின் மேல் ஒரு வரிசை செங்கல் அடுக்கிக்கொண்டார்.

அவர் மனைவி ஒரே ஒரு முறை வந்தார். ரயில் அலுப்பில், நேராகச் சுவரைத் தாண்டி ஹாலுக்குள் வந்துவிட்டார். சார் பதறிப்போனார்.

"ஏய், வெளிய போய் வாசல் வழியா வா. அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நினைப்பாங்க?"

அக்கம்பக்கத்தில் இருந்தது கொக்குகள்தான். அந்த அம்மா வெளியே போய்ச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "கோச்சுக்காதம்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஈஸ்ட் தாம்பரத்துல வாடகை வீடுதான். ஆணி அடிக்காதீங்க, சத்தமா பேசாதீங்க, சொந்தக்காரங்க வந்து தங்கக்கூடாது. எல்லாத்துக்கும் சரி சரின்னே இருந்துட்டாரு மனுஷன். இப்ப இங்க வந்து ஆடறாரு."

ஆணி என்றதும் புரிந்தது. ஹால் கோட்டின் ஓரத்தில் ஒரு சவுக்குக் கட்டையை நட்டு, அதில் ஓர் ஆணி அடித்து, தினசரி காலண்டர் ஒன்றை மாட்டியிருந்தார். வந்ததும் முதல் வேலையாக ஒரு வாரத்துத் தாளை மொத்தமாகக் கிழிப்பார். அப்போது அவர் முகத்தில் தெரியும் கம்பீரத்தை நான் எந்த மந்திரி முகத்திலும் பார்த்ததில்லை.

ஒருமுறை அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வெயிலில் ஓரமாக நின்றவளைப் பார்த்துச் சார் எழுந்துவிட்டார்.

"அங்கேயே ஏன்மா நிக்கறீங்க? உள்ள வாங்க. வாசப்படி இந்தப் பக்கம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, சுவரில்லாத வீட்டுக்குள் வாசல் வழியாக வந்தாள். சார் தன் நாற்காலியைக் கொடுத்தார். கேரியர் மூடியில் மோர் கொடுத்தார். திரும்பிப் போகும்போது அம்மா சொன்னாள்: "எத்தினி வூடு கட்டிகீறேன். கட்டி முடிச்ச வூட்டுக்குள்ள வந்து குந்துன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இவுரு கட்டாத வூட்டுல குந்த வெச்சிட்டாரு."

அன்றிலிருந்து அவர் எனக்கு வேண்டப்பட்டவர்.

ஐப்பசி நெருங்கியபோது அனுமதி வந்தது. எனக்குத் தூக்கம் போனது. காரணம், நான் லெவல் மிஷின் வைத்துப் பார்த்ததில் எங்கள் மனை மொத்தமும் ஊர் ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலைவிடத் தாழ்ந்திருந்தது. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் தண்ணீர் எங்கள் பதினான்கு ஹால்களுக்குள்ளும் வந்துவிட்டுத்தான் போகும். வீடு நிற்கும் பேஸ்மட்டத்தை இரண்டரை அடி ஏற்ற வேண்டும், ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். தண்ணீர் வரும் வழிக்கு நீல அம்புக்குறி போட்டு வரைபடம் தயாரித்து முதலாளியிடம் கொண்டுபோனேன்.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, எதற்கும் ஒரே பதில்.

"பாத்துக்கலாம்மா. பதினாலு பேர்ல ஒருத்தர்கூட இதக் கேக்கல. நீ மட்டும் கேக்குற."

மேஸ்திரி பக்கத்தில் நின்று சிரித்தார். "மிஷினு சொல்லுதுன்னா ஏத்திடறதா? நான் எத்தினி மழ பாத்துகீறேன்."

அடுத்த வாரம் மண் கொட்டிப் பேஸ்மட்டம் போட்டுவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அது நான் கையெழுத்துப் போட்டுக் கட்டும் முதல் வேலை. முதல் மழையிலேயே முழுகினால், சித்தாள் பெண் கட்டியது அப்படித்தான் இருக்கும் என்று ஊர் பேசும். எனக்குப் பிறகு வருகிற பெண்ணிடம் சிமெண்ட் சட்டியைத்தான் நீட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாரிடம் வரைபடத்தைக் காட்டினேன். ஹாலில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார்.

"நீ சொன்னா அது ரிப்போர்ட்டும்மா, யாரும் படிக்க மாட்டாங்க. நான் நனைஞ்சா அது கம்ப்ளெயிண்ட்டு. விடு, நான் வீட்டுல பால் காய்ச்சிடறேன்."

"எந்த வீட்டுல சார்?"

"என்னம்மா கேள்வி இது, இந்த வீட்டுலதான்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இரண்டு நாளில் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்துவிட்டது. பதிமூன்று குடும்பங்களையும் மனைவியோடு நேரில் போய், தாம்பூலத் தட்டு வைத்து அழைத்திருந்தார். முதலாளி வீட்டுக்கும் போயிருந்தார். செவுரு இல்லையே சார் என்று கேட்கலாம். ஆனால் குங்குமத்தோடு ஒருவர் வந்து பால் காய்ச்சுகிறோம் என்று அழைத்தால் வரமாட்டேன் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு நாக்கு வரும்? வீடு கட்டி விற்கிற முதலாளிக்கு நிச்சயம் வராது.

விடிந்ததிலிருந்தே மழை. அதற்கு முந்திய நாட்களில் பெய்ததில் ஏரி ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் எல்லோரும் வந்துவிட்டார்கள், குடையோடும் பரிசுப் பொட்டலங்களோடும். எங்கள் அம்மாவும் புதுப் புடவையில் வந்திருந்தாள். முதலாளி காரிலிருந்து இறங்கி நேராக ஹாலை நோக்கி நடந்தார்.

"சார், சார், அது பெட்ரூம் செவுரு. வாசல் இந்தப் பக்கம். ஷூவ வெளிய விட்டுட்டு வாங்க."

முதலாளி சுற்றி வந்தார். வெள்ளை ஷூவை வாசலில் விட்டார். உள்ளே வந்து, எல்லோரையும் போல ஈரத்தரையில் நின்றார்.

முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன் மேல் மூன்று செங்கல் வைத்து அடுப்பு. ஈர விறகு. நான்கு பேர் குடை பிடிக்க, சாரின் மனைவி ஊதினார். பால் பொங்கவில்லை. பால் பொங்காமல் கிளம்புவது அபசகுனம் என்பதால் யாராலும் கிளம்பவும் முடியவில்லை. முதலாளி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு முறையும் சார், "ஆச்சு சார், இதோ பொங்கிடும்" என்றார். அந்த நேரத்தில்தான் கலங்கல் வழிந்தது.

முதலில் ஒரு செங்கல் வரிசைக்கு அடியிலிருந்து மெல்லிய ஓடை வந்தது. பிறகு பாதம் நனைந்தது. பிறகு கணுக்கால். சார் அசையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, வந்தவர்களை உபசரித்தார்.

"கூச்சப்படாம நில்லுங்க. ஹால் தாராளமா இருக்கு இல்ல?"

"ஐயோ, ஷூ" என்று யாரோ சொன்னார்கள்.

முதலாளியின் வெள்ளை ஷூ இரண்டும் ஜோடியாகக் கிளம்பிவிட்டிருந்தன. பக்கத்து வீட்டு வாசல் வழியாக உள்ளே போய், கிச்சனில் ஒரு சுற்றுச் சுற்றி, பூஜை அறை வழியாக அடுத்த வீட்டுக்குப் போயின. நான் நீல அம்புக்குறி போட்ட அதே வழி. ஓர் இடத்தில்கூட மாறவில்லை. என் கணக்கை அவ்வளவு மரியாதையோடு பின்பற்றியவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

மேஸ்திரி வேட்டியை மடித்துக்கொண்டு ஷூவைப் பிடிக்கப் பாய்ந்தார்.

"மேஸ்திரி, செவுத்துக்குள்ள ஓடாதீங்க" என்று சார் அதட்டினார். மேஸ்திரி ஒரு நொடி நின்று, வாசலைத் தேடி, வாசல் வழியாக ஓடினார். கடவுள் சத்தியமாக.

அப்போது பால் பொங்கியது.

எல்லோர் கையிலும் டம்ளர். எல்லோர் காலிலும் ஏரி. பன்னிரண்டாம் நம்பர் வீட்டு டீச்சரம்மா கணுக்கால் தண்ணீரைக் குனிந்து பார்த்துவிட்டு முதலாளியிடம் கேட்டார்: "சார், நாளைக்கு இதேதானே எங்க ஹாலு?"

"பாத்துக்கலாம்மா" என்று முதலாளியின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"பாத்துகிட்டுதானே சார் நிக்கறோம்" என்றார் சுண்ணாம்பு சார்.

யாரும் சிரிக்கவில்லை. பதினான்கு குடும்பமும் வெறுங்காலோடு நின்ற முதலாளியையே பார்த்தது. முதலாளி பாலைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார், இல்லை. கையில் பிடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, எவ்ளோ ஏத்தணும்னு சொன்ன?"

"ரெண்டரை அடி சார். வாய்க்காலும்."

"மேஸ்திரி, அந்தப் பொண்ணு சொல்ற லெவல்ல போடு."

ஷூ ஒன்றை மட்டும் மீட்டு வந்திருந்த மேஸ்திரி, தண்ணீர் சொட்டச் சொட்ட என் முன்னால் நின்றார். "லெவலு எங்க வெக்கணும், சொல்லு மா" என்றார். அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் பால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மழையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு சாரின் மனைவி என் காதில் சொன்னார்: "நாள் பஞ்சாங்கத்துல பாக்கலம்மா. எந்த நாள் கனமழைன்னு செல்போன்ல பாத்துதான் குறிச்சாரு."

வீடுகள் எழுந்தன. அடுத்த ஐப்பசியில் கலங்கல் வழிந்தபோது தண்ணீர் என் வாய்க்காலில் இறங்கிச் சமர்த்தாகப் போனது. பதினான்கு ஹாலும் காய்ந்து கிடந்தன. சார் போன் செய்து, "ஒண்ணும் வரலம்மா. போரடிக்குது" என்றார். புதுமனை புகுவிழா என்று தனியாக எதுவும் அவர் செய்யவில்லை. அதான் ஏற்கெனவே காய்ச்சியாயிற்றே என்று சொல்லிவிட்டார். ஆணி மட்டும் அடித்தார். இன்றைக்கும் அவர் ஹாலில் நான்கு சுவர் முழுக்க ஆணிகள். மாட்டுவதற்கு அதே ஒரு காலண்டர்தான்.

இப்போது நான் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறேன். மேஸ்திரி என்னிடம்தான் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அதே கிராமத்தில், கலங்கலுக்கு மேட்டுப் பக்கம் நான் வாங்கிய சின்ன மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். லெவலை நானே பார்த்தேன். அம்மா செருப்பை வாசல் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, ஹால் நடுவில் உட்கார்ந்தாள்.

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. முதல் அழைப்பு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. வரைபடத்தில் இருந்ததைவிட ஹாலை மட்டும் ஒரு மடக்கு நாற்காலி அகலத்துக்குக் கூட்டிப் போட்டிருக்கிறேன்.