கோயில் பார்க்க வந்த தொரை

"தொரை வந்துட்டாருங்க!" என்று டொரத்தி கத்தியபோது, அவள் புருஷன் மாரிஸ் ஏணி உச்சியில் நின்று, மூன்றாம் தூணுக்குப் பின்னால் சுவரில் இருந்த விரிசலை மறைக்க அந்தோணியார் கொடியை மாட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் ஆணியை ஓங்கி அடித்தார். சாண் நீள விரிசல் முழ நீளமாயிற்று. கொடி கீழே விழுந்தது.

மாரிஸ் அந்த பிரிக்பீல்ட்ஸ் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. கட்டடத்தைப் பார்த்து அறிக்கை எழுத ஆயர் ஒரு எஞ்சினியரை அனுப்புகிறார். தாங்காது என்று எழுதிவிட்டால் இடித்துவிடுவார்கள். சாமியாரோ காய்ச்சலில் படுத்துவிட்டார். "நீயே சுத்திக் காட்டிடுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வாசலில் புகைக்குழாயோடு ஒரு வெள்ளைக்காரர். அவருக்குப் பின்னால், கையில் குடையோடு காக்கிச் சட்டை போட்ட தமிழர்.

மாரிஸ் காக்கிச் சட்டைக்காரரின் கையைப் பிடித்து மூன்றாம் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். "டிரைவர் தம்பி, நம்ம ஆளா இருக்கே, ஒரு ஒதவி செய்யி. இந்த விரிசல் மறையச் சுவத்துல சாஞ்சு நின்னுக்க. நகராத."

"அண்ணே, நான் வந்து..."

"அப்புறம் பேசலாம்பா! ரயில்வே வேல முடிஞ்சு வந்து, எங்கப்பன் ராத்திரி பகலா கல்லு சுமந்து கட்டுன கோயிலு. இடிச்சிருவாங்க தம்பி."

காக்கிச் சட்டைக்காரர் சுவரில் சாய்ந்தார்.

மாரிஸ் தொரையைக் கூட்டிக்கொண்டு நடந்தார். இங்கிலீஷ் வராது, தெரிந்த மலாயே துணை. வளைவைக் காட்டினார். "துவான், பாகுஸ்!" ஐயா, அருமை என்று பொருள். வண்ணக் கண்ணாடியைக் காட்டினார். "பாகுஸ்!" தொரை கொட்டாவி விட்டார். சரி, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மாரிஸ் அவரைப் பீடத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பீடத்துக்குப் பக்கத்தில் கூரை ஒழுகியது. பித்தளைத் தாம்பாளத்தை வைத்தார். அது டங், டங் என்று ஊரையே கூப்பிட்டது.

"டொரத்தி! இந்தச் சத்தம் கேக்காதபடி மணிய அடி!"

"எந்த மணிங்க?"

"ஏதோ ஒரு மணி!"

கயிறு கனம். டொரத்தி ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். அப்படி விட்டு விட்டு அடித்தால் அது சாவு மணி. சாமியார் காய்ச்சலில் கிடப்பது ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரியும்.

ஐந்து நிமிஷத்தில் நூறு பேர் நனைந்தபடி ஓடிவந்தார்கள்.

"சாமி, எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று உர்சுலா மாரில் அடித்துக்கொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கம்பளி போர்த்திய உருவம் ஒன்று வந்தது. "யாரு செத்தது?" என்றார் சாமியார்.

உர்சுலா மயங்கித் தொரைமேல் விழுந்தாள். தொரையின் தொப்பி தாம்பாளத்தில் மிதந்தது.

எல்லாம் போயிற்று. தொரை சிரித்துக்கொண்டே வெளியே போனார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே மாரிஸுக்குப் பயமாக இருந்தது.

திரும்பினால், காக்கிச் சட்டைக்காரர் அதே இடத்தில், சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். மாரிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையிலிருந்து சுடச்சுடக் காப்பி கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"கோயில் நிக்குதோ விழுதோ, இன்னிக்கி எனக்குன்னு நின்னவன் நீ ஒருத்தன்தான்பா. நல்லா இருப்ப."

"நான்தாண்ணே நன்றி சொல்லணும். நீங்க இங்க நிக்க வெச்சதுனாலதான் தெரிஞ்சுது. அம்மாம் பெரிய மணி அடிக்குது, நூறு பேரு ஓடியாறாங்க, சுவரு துளிகூட அசையல. விரிசல் மேல்பூச்சுலதான். உங்கப்பா கட்டுனது இன்னும் நூறு வருஷம் நிக்கும்."

மாரிஸ் பெருமூச்சு விட்டார். "நீ சொல்லி என்னப்பா ஆவுறது? எழுதப்போறது தொரையாச்சே."

காக்கிச் சட்டைக்காரர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"தொரை என் கூட்டாளிண்ணே, பொழுது போகலைன்னு எனக்கு வண்டி ஓட்டிட்டு வந்தாரு; எஞ்சினியரு நாந்தான்."