பின்னால் நின்றது மரியாதைக்குத்தானுங்க

பீளமேடு,
செவ்வாய்க்கிழமை.

உடுமலைப்பேட்டை தேங்காய் மண்டி தம்பிதுரை அவர்கள் சமூகத்திற்கு, பீளமேடு லேத் பட்டறை கதிர்வேல் தலை தாழ்ந்து எழுதிக்கொண்டது. முதலில் 'சம்பந்தி அவர்களுக்கு' என்று எழுதினேன். அப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் அடித்துவிட்டேன். தாங்களும், வீட்டில் பொற்கொடி அம்மாவும், மாப்பிள்ளை மோகன்குமாரும் (இதையும் அடிக்கத்தான் பேனாவை வைத்தேன், கை வரவில்லை) சௌக்கியமாக இருக்க மருதமலை முருகனை வேண்டுகிறேன். இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது முறை. எழுதினால் பொய்யாகிவிடும்.

தாங்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்துபோய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. பதினாலு தடவை போன் அடித்துவிட்டேன். மணி போகிறது, எடுக்கத்தான் ஆளில்லை. "வாயில சொல்றது காத்தோட போயிருமுங்க, எதுன்னாலும் எழுதிக் குடுங்க, நான் நம்பறேன்" என்று அன்றைக்குப் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அதனால்தான் பட்டறையை மதியத்தோடு பூட்டிவிட்டுக் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். என் மகள் ரித்திகா மூன்று வருசத்தில் பதினோரு ஜாதகத்தைத் தட்டிக் கழித்தவள். ஒருத்தன் சிரிப்பு சரியில்லை, ஒருத்தன் சிரிக்கவே இல்லை, ஒருத்தன் காப்பியை உறிஞ்சுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது என்று ஏதாவது ஒன்று சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குச் சமையல்கட்டுக்கு வந்து அவளுடைய அம்மா காதில் "செரிம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் மூன்று வருசம் காத்திருந்தோம். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டே, "அப்பாவுக்குச் சட்னி வேணுமான்னு கேளுங்கம்மா" என்கிறாள். என் சம்சாரம் புவனா அதையும் கேட்பதில்லை. "முப்பது வருசமா லேத்துல நூலளவு தப்பாம வேலை பாக்கற மனுசனுக்கு ஒரு பொத்தான அமுக்காம இருக்கத் தெரியலியா?" என்று மட்டும் காலையும் மாலையும் கேட்கிறாள்.

ஆகவே அன்றைக்கு நடந்தது என்ன என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். தாங்கள் வந்தீர்கள், உட்கார்ந்தீர்கள். புவனா சுட்ட இனிப்பு ஒப்பிட்டும் காப்பியும் ஆயிற்று. தென்னைக்கு வந்த வெள்ளை ஈ பற்றிப் பேசினோம், மேம்பாலம் எப்போது முடியும் என்று பேசினோம், அப்புறம் பேச ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க இதெல்லாம் ஆடுவீங்களா?" என்றார். "ஆடுவனுங்க, நாலு பேரு சேந்து ஆடலாமுங்க" என்றாள் என் மகள். வீட்டுக்குள் ஒரு வழியாகப் பேச்சு வந்ததே என்ற சந்தோசத்தில், ஆளுக்கொரு ரிமோட்டை நம் இரண்டு பேர் கையிலும் திணித்தார்கள். வண்டிப் பந்தயம். தங்களுக்குச் சிவப்பு டிராக்டர், எனக்குப் பச்சை ஆட்டோ. டிராக்டர் தலைக்கு மேலே 'உடுமலை தம்பிதுரை' என்று பெயர் வேறு போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெயரைப் பார்த்ததும் நான் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். வீடு தேடி வந்த மனுசனை முந்திக்கொண்டு போவது எங்கள் குடும்பத்தில் இல்லாத பழக்கம். பெண்ணைக் கொடுக்கிறவன் ஒரு படி பின்னால் நிற்க வேண்டும், நின்றேன். தாங்கள் முன்னால் போனீர்கள், நான் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தேன்.

வழியில் ஒரு பெட்டி கிடந்தது. எடுத்தேன். உள்ளே தேனீக்கூடு மாதிரி ஒன்று இருந்தது. இது என்ன, யாருடையது, கேட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் பொத்தானை அமுக்கினேன். அது நேரே பறந்துபோய்த் தங்கள் டிராக்டரை மொய்த்துக் குப்புறக் கவிழ்த்துவிட்டது. என் ஆட்டோ பாட்டுக்குக் கோட்டைத் தாண்டிவிட்டது. நான் பதறி எழுந்தேவிட்டேன். தாங்கள் சிரித்துக்கொண்டு, "வெளையாட்டுத்தானுங்களே" என்றீர்கள். ஆனால் மீசை சிரிக்கவில்லை, நான் கவனித்தேன்.

இரண்டாவது ஆட்டத்தில் இன்னும் எச்சரிக்கையாக இருந்தேன். தாங்களும் பெரிய மனுசர், விட்டுக்கொடுக்கிற குணம். கோட்டுக்கு நாலு அடி முன்னால் டிராக்டரை நிறுத்திக்கொண்டு, "நீங்க போங்க" என்றீர்கள். நான் பின்னாலேயே ஆட்டோவை நிறுத்தி, "ஐயோ, நீங்க போங்க" என்றேன். "உங்கூட்டுல வெச்சு நான் முந்தறதாங்க?" "எங்கூட்டுக்கு வந்தவங்கதானுங்க முந்தோணும்." பிள்ளைகள் இரண்டும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மேலே நொடி குறைந்துகொண்டே வருகிறது. பொற்கொடி அம்மா, "யாராச்சும் ஒருத்தரு போய்த் தொலைங்களே!" என்று சத்தம் போட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன விளையாட்டு, கடைசியில் நிற்கிறானே என்று என் மேல் இரக்கப்பட்டு, இன்னொரு தேனீக்கூட்டைக் கையில் கொடுத்தது. அது எனக்குத் தெரியாது. "கும்பிட்டுக் கேட்டுக்கறனுங்க, நீங்க போங்க" என்று இரண்டு கையையும் கூப்பினேன். ரிமோட் நடுவில் இருந்தது. பொத்தான் அமுங்கிவிட்டது. தங்களைக் கும்பிட்டது மட்டும்தானுங்க நான் செய்தது.

மூன்றாவதும் அப்படியே. மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன், கோட்டுக்கு ஒரு அடியில் டிராக்டர் கவிழ்ந்தது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் நினைக்கவே முடியவில்லை. அதிகத் தடவை கவிழ்த்தவனுக்குத்தான் பரிசாம், டிவியில் மேடை போட்டு, என் ஆட்டோக்கார பொம்மையை உச்சியில் ஏற்றிவிட்டார்கள். அது தங்கள் பெயர் போட்ட பொம்மையின் மூஞ்சிக்கு நேராக இடுப்பை ஆட்டியது. தங்கள் பொம்மை மூலையில் நின்று கை தட்டியது, அதன் தலைக்கு மேல் மட்டும் தனியாக மழை பெய்தது. கீழே 'நல்ல முயற்சி' என்று ஒரு வரி. நான் அந்த ஆட்டத்தை நிறுத்த எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். அமுக்க அமுக்க அது இன்னும் வேகமாக ஆடியது.

தாங்கள் எழுந்தீர்கள். "கெளம்பறமுங்க" என்றீர்கள். போயிட்டு வாரமுங்க என்று சொல்லவில்லை. பின்கட்டில் இலை போட்டு, பச்சப்புளி ரசமும் பருப்பும் தயாராக இருந்தன. சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் இலையில் உட்கார்ந்து கை நனைப்பது நம் பக்கத்து வழக்கம். தாங்கள் கை நனைக்காமல் காரில் ஏறியபோது ரித்திகா ஜன்னலிலிருந்து நகரவே இல்லை. கார் திரும்பின பிறகும் நின்றுகொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை.

பிற்பாடு விசாரித்ததில் தெரிந்தது, இந்த விளையாட்டின் நியாயமே தலைகீழ். முன்னால் போகிறவனுக்கு ஒன்றும் கொடுக்காதாம். கடைசியில் வருகிறவன் மனசு ஒடிந்துபோகக் கூடாது என்று அவனுக்குத்தான் பெரிய ஆயுதமெல்லாம் கொடுக்குமாம். மரியாதைக்குப் பின்னால் நின்ற குற்றத்துக்கு என்னை ஜெயிக்க வைத்துவிட்டது. நான் ஜெயிக்க ஆசைப்பட்டவனே இல்லை. தங்களை ஜெயிக்க விடத்தான் மூன்று ஆட்டமும் முழு மூச்சாகப் பாடுபட்டேன். இது சத்தியம். பிள்ளைகளின் வாழ்க்கை ஒரு தேனீக்கூட்டினால் கெட்டுவிடக் கூடாது. தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.

தங்கள் தோப்பில் ஒரு குரும்பையும் உதிராமல் நிற்கட்டும். பொற்கொடி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் தங்களுக்குப் பின்னால் நிற்கும்,
கதிர்வேல்.

பி.கு.: உறையில் போடுவதற்கு முன்னால் கடிதத்தை ரித்திகாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்பது நாளைக்கு அப்புறம் இப்போதுதான் அவள் என்னோடு பேசினாள். "அப்பா, மூணாவது தடவ நீங்க கும்பிடவே இல்ல. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நாக்கக் கடிச்சுக்கிட்டு, குறி பாத்து அடிச்சீங்க" என்றாள். அதோடு மாப்பிள்ளை அனுப்பிய செய்தியையும் காட்டினாள். தாங்கள் அடி வாங்கினதற்குக் கோபித்துக்கொள்ளவில்லையாம். "என்னையென்ன சின்னக் கொழந்தைன்னு நெனச்சு விட்டுக்குடுத்தாரா? அவரு நெசமாலுமே அடிச்சிருந்தா அந்தூட்டுல சம்பந்தம் வெக்கலாம். மரியாதைக்கு நடிச்சிருந்தா எனக்கு அந்தப் பேச்சே வேண்டாம்" என்றுதான் ஒன்பது நாளாகச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்களாம். திருத்தி எழுத உட்கார்ந்தேன். ரித்திகா விடவில்லை. "பொய்யும் உறைக்குள்ள போகட்டும், நெசமும் கூடவே போகட்டும், மாமா படிச்சுப் பாத்துக்குவாரு" என்கிறாள்.

ஆகவே, மேலே 'சத்தியம்' என்று எழுதியிருக்கும் இடத்தைத் தாங்களே அடித்துக்கொள்ளவும். முதல் இரண்டும் என்னை அறியாமல் நடந்தது. மூன்றாவது நான் அடிச்சதுதானுங்க. டிராக்டர் கவிழ்ந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்பதை இந்த ஒன்பது நாளும் புவனாவிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாங்க. ஆட்டம் முடிந்த பிறகுதான் இலை. தாங்கள் முன்னால் போனால் பின்னாலிருந்து அடிப்பேன், பின்னால் நின்றால் முந்திவிடுவேன். விட்டுக்கொடுக்க மாட்டேன், சம்பந்தி. எழுதிக் கொடுத்தால்தானே நம்புவீர்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன்.

— கதிர்வேல்.