பாலிஷ் போட்ட டயல்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

யுத்தகாலத் தொழிலாளி ஒருத்தியை நீங்கள் பாலிஷ் போட்டே அழித்துவிட்டீர்கள். மற்றபடி இங்கு எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மூன்று நாளாக நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒன்றும் தெரியாது என்று கையை விரிக்கக்கூடாது. செல்போன் ரிப்பேர் கடையில் வாரம் முழுக்க முதுகு ஒடிய வேலை பார்த்துவிட்டு, லீவு நாளில் காயலான் கடைகளைக் கிளறி இரண்டாம் உலக யுத்தகாலத்து டெலிபோன் பாகங்களை நான் சேர்த்து வருவது உங்களுக்குத் தெரியும். ஒரு பித்தளை டயலின் முதுகில் ஊசியால் கீறிய அடையாளம் கிடைத்தது. மூன்று கோடு, குறுக்கே ஒன்று. முன்பக்கம் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில். செய்த கைக்கு முதுகுப்புறம் நாலு கீறல். ஆண்கள் போருக்குப் போனபோது வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைப் பெண்கள்தான் ஓட்டினார்கள் என்று படித்திருந்தேன். கீறியவள் அவர்களில் ஒருத்தி என்று முடிவுகட்டி, ஒரு அட்டை நிறைய அவளைப் பற்றி எழுதியும் வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை ஆட்கள் ஏழு பேரும் தொழிலாளர் சங்கத்தில் சேருகிறோம். அந்தக் கூட்ட மேடையில் அந்த டயலைக் காட்டித்தான் நான் பேசுவதாக இருந்தது. என் வாழ்க்கையில் முதல் பேச்சு.

வியாழக்கிழமை நீங்கள் வந்தீர்கள். டயல் சமையலறை ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது, அட்டை பக்கத்தில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை இரண்டு தடவை படித்தீர்கள். "நல்லா எழுதியிருக்க பாப்பா" என்றீர்கள். நான் பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் உப்புத்தாளும் பாலிஷ் பசையுமாகத் தேய்த்து முடித்திருந்தீர்கள். "ஒரே அழுக்கா இருந்துச்சு, இப்ப முகம் பாக்கலாம் பாரு." பார்த்தேன். என் முகம் தெரிந்தது. அவளைக் காணோம்.

போதாக்குறைக்கு எண்ணெய் வேறு. டயலின் வேகத்தை அடக்குகிற சின்னச் சக்கரத்துக்கு எண்ணெய் ஆகாது என்று முப்பத்தோரு வருஷம் டெலிபோன் நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தவருக்குத் தெரியாதா? இப்போது சுற்றிவிட்டால் பிடரியில் கால்பட ஓடித் திரும்புகிறது. அதை வீட்டுப் பழைய போனில் மாட்டி, சங்கச் செயலாளருக்கு, மைக்கை விடாத எங்கள் மைக் அண்ணனுக்கு, மூன்று தடவை சுற்றினேன். மூன்று தடவையும் எண் தவறிப் பல் ஆஸ்பத்திரி. "பயப்படாதீங்கம்மா, மரத்துப்போக வெச்சுட்டுத்தான் புடுங்குவோம், செவ்வாக்கிழம வந்துருங்க" என்று அங்கிருந்த பெண் என் பெயரையே எழுதிக்கொண்டார். கடைசியில் செல்போனில் மைக் அண்ணனைப் பிடித்து அழாக்குறையாகச் சொன்னால், "கோடு போனா என்னம்மா, நீயே நாலு கோட்டைக் கிழிச்சு விடு, யாருக்குத் தெரியப்போகுது" என்கிறார். முதலாளிகள் வருகைப் பதிவேட்டைத் திருத்துவதை மேடைக்கு மேடை திட்டுகிற மனுஷன். அவரோடும் சண்டை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, பாலிஷ் டப்பாவை ஒளித்துவைக்கவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உங்கள் தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் பெரியம்மா போனில் கூப்பிட்டார்கள், உங்கள் குடையை இங்கே மறந்துவிட்டீர்களா என்று கேட்க. குடையை விட்டுவிட்டு மேலே உள்ள முழுப் புகாரையும் படித்துக்காட்டினேன். அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூணு கோடு, குறுக்க ஒண்ணா? அடியே, அது உங்க பெரியப்பா போடுறதுடி. இவர் சரிபண்ற போனையெல்லாம் மேலதிகாரி தான் சரிபண்ணதா எழுதிக்குவானாம். அந்த வயித்தெரிச்சல்ல இவர் பின்னாடி கீறி வெப்பாரு. எங்க வீட்டு டார்ச் லைட்டு அடியில கூட இருக்கு, வந்து பாரு."

ஆக, அட்டையைப் படித்த நிமிஷமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சபையில் நான் அசடு வழியக்கூடாதென்று உங்களையே தேய்த்து எடுத்துவிட்டீர்கள். மேலே எழுதியதெல்லாம் வாபஸ், எண்ணெயைத் தவிர. பழைய அட்டையைக் கிழித்தாயிற்று. புதிதாக எழுத ஒரு பெயர் வேண்டும். மேலதிகாரி பெயர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் பக்கத்தில் மேடையில் நின்று, "இதைச் சரிபண்ணவன் நான்தான்" என்று உங்கள் வாயால் சொல்லவேண்டும். வருவீர்களா, மாட்டீர்களா?