சர்வர்களுக்கு சஹன் வைத்த நானா

கம்ப்யூட்டருக்கும் வயிற்றுக்கோளாறு வரும் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே எங்கள் சஹன் நானாதான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், மாத்தளையில் விதையும் உரமும் விற்கும் ஒரு கம்பனியின் கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். நான் கொழும்பில் டிப்ளோமா முடித்தவன். அவர் சவூதிக்கு ஏசி திருத்தப் போன இடத்தில் ஒற்றை விரலால் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டவர். ஆனால் எங்கள் சிங்கள மனேஜர் மாத்தயா எதற்கெடுத்தாலும் "நானா கோ?" என்று அவரைத்தான் தேடுவார். தேநீர் ஊற்றும் லீலாவதிகூட எனக்கு வெறும் பிளேன்டீயும் அவருக்கு இஞ்சி தட்டிப் போட்டதும் கொடுப்பாள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

முஸ்லிம் கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தாம்பாளத்துக்குப் பெயர் சஹன். நானா சர்வர்களையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். மாத்தளை, பலாபத்வல கிளைகளின் சர்வர்கள் ஒரு சஹன். கலேவெல, நாலந்தா இன்னொரு சஹன். பிளகின் என்று, மென்பொருளோடு ஒட்டவைக்கிற குட்டி புரோகிராம் ஏதாவது வந்தால், முதலில் சீடியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். பிறகு பிஸ்மி சொல்லி ஒரு சஹனுக்கு மட்டும் ஏற்றுவார்.

அந்த வருடம் பிரிவுத் தலைவர் பதவி வந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான். அதைப் பிடிக்க நான் ஒரு பிளகின் எழுதினேன். விதை நெல் எடுக்க வருகிறவரின் பெயரை ரசீதுத் துண்டில் தமிழில் அச்சடிக்கும். கொழும்பு டைரக்டர் வருவதற்குள் எல்லாக் கிளையிலும் அது ஓட வேண்டும் என்பது என் கனவு. நானாவோ மாத்தளை, பலாபத்வலயோடு நிறுத்திவிட்டார்.

"ஏன் நானா, மத்த ரெண்டு எடத்துக்கும் போட்டா என்ன கொறஞ்சா போயிரும்?"

"தம்பி, ஒரு சஹன்ல உறைப்பு கூடினா ஆறு பேருக்குத்தான் வயித்தெரிச்சல். கலியாண வூடு முழுக்க ஊத்தினா மாப்பிள்ளையும் எழும்பி ஓடிருவான். கலேவெலயில பேரெல்லாம் சிங்களத்தில இரிக்கி. பொறுங்க."

பொறாமைக்காரனுக்குக் காது கேட்குமா? வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, அவருடைய மெஷினில் உட்கார்ந்து, 'எல்லாச் சர்வருக்கும்' என்ற பெட்டியில் ஒரு சரி அடையாளம் போட்டேன்.

அரை மணி நேரத்தில் கலேவெல கலங்கிப்போனது. சிங்கள எழுத்து வரவேண்டிய இடத்திலெல்லாம் தாறுமாறாகத் தமிழ் எழுத்து விழுந்து, யாரோ ஒரு பண்டாவின் பெயர் "ஞூளெஃஙூ" என்று வந்திருந்தது. வாய்விட்டு வாசித்தால் பல் கழன்றுவிடும். ஆனால் யுத்தம் நடந்த அந்த நாட்கள் சிரிக்கக்கூடிய காலமா? துண்டொன்று சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டது. ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைத்து, மூன்று மணிக்கு ஒரு பொலிஸ் ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது.

"யார் இதைப் போட்டது?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

நான் வளர்ந்தது மாத்தளை என்றாலும், அடையாள அட்டையில் பிறந்த இடம், அப்போது புலிகளின் கையில் இருந்த கிளிநொச்சி. அட்டை இருந்த சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

தொப்பியைக்கூடக் கழற்றாமல் நானா முன்னால் வந்தார். "நான்தான் சேர். கண்ணு மங்கிப்போச்சு, தப்பான எடத்தில கை பட்டுருச்சு" என்றார் சிங்களத்தில். பிறகு இன்ஸ்பெக்டரையே உட்காரவைத்து சஹன் விளக்கம் தொடங்கினார். அரை மணி நேரம் கேட்ட இன்ஸ்பெக்டர், தலையைப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டார். மனேஜர்தான் நானாவின் முகத்தையே பார்க்கவில்லை.

"ஏன் நானா அப்பிடிச் சொன்னீங்க? நான்தான்னு உங்களுக்குத் தெரியுமே."

"ஒங்கட பேரச் சொன்னா ஜீப்புல ஏத்துவாங்க. என்ட பேரச் சொன்னா ஏசிட்டுப் போவாங்க. எது லேசு?"

பதவி எனக்கு வந்தது. முதல் ஆளாக வந்து கை குலுக்கியவர் அவர்தான், முகத்தில் மருந்துக்கும் பொறாமை இல்லாமல். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பழைய ஆட்கள் கூடினால் இன்னும் அதை நானாவின் கைப்பிசகு என்றுதான் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் கை என்னுடையது. அவர் இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.